ஊர் பேசாத மொழியில் கடை போடலாமா?

கம்ப்யூட்டருக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பூஜ்யமும் ஒன்றும்தான். மனிதன் சொல்வதைப் பூஜ்யமாகவும் ஒன்றாகவும் மாற்றித் தருவதற்கென்றே தனி மொழிகள் ஏற்பட்டிருக்கின்றன. அவை ஒன்றல்ல, இரண்டல்ல, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

ஆனால், உலகத்தில் நடக்கும் கம்ப்யூட்டர் வேலையில் பெரும் பகுதி ஒரு சில மொழிகளில்தான் நடக்கிறது. மற்ற மொழிகள் ஏதோ ஒரு மூலையில் இருக்கின்றன. அவற்றை அறிந்தவர்களும் குறைவு, கற்பவர்களும் குறைவு.

அப்படி மூலையில் இருக்கும் ஒரு மொழியை நம்பித் தொழில் தொடங்கலாமா? சேர்த்து வைத்த பணத்தை அதில் போடலாமா?

இந்தக் கேள்வி இன்று பல சிறு கம்பெனிகளில் எழுந்துகொண்டிருக்கிறது. "வேண்டவே வேண்டாம்! ஊரோடு ஒத்துப் போ" என்கிறது ஒரு கட்சி. "ஊரார் போகும் வழியெல்லாம் நல்ல வழி ஆகிவிடுமா?" என்று கேட்கிறது மறு கட்சி.

இரண்டு கட்சியிலும் நியாயம் உண்டு. ஆனால், முதலில் கேட்க வேண்டிய கேள்வியை இரண்டு கட்சியாருமே கேட்பதில்லை. எந்த வேலைக்கு அந்த மொழி என்பதுதான் அந்தக் கேள்வி.

மூன்று வாசல்

முன்பெல்லாம் ஒரு வியாபாரிக்கு ஒரு கடைவாசல் போதும். இன்று இணையத்தில் தொழில் செய்கிறவருக்கு மூன்று வாசல் வேண்டும். பிரவுசரைத் திறந்து வருகிறவர்களுக்கு ஒரு வாசல். ஆண்ட்ராய்டு செல்போனில் வருகிறவர்களுக்கு ஒரு வாசல். ஐபோனில் வருகிறவர்களுக்கு இன்னொரு வாசல்.

சங்கடம் என்னவென்றால், மூன்று வாசலிலும் மூன்று பாஷை! பிரவுசருக்கு ஜாவாஸ்கிரிப்ட். ஆண்ட்ராய்டுக்கு ஜாவா அல்லது கோட்லின். ஐபோனுக்கு ஸ்விப்ட்.

ஆகவே, ஒரே செயலியை மூன்று தடவை எழுத வேண்டும். மூன்று குழு ஆட்கள் வேண்டும். சம்பளமும் மூன்று மடங்கு. ரசீதில் பைசாக் கணக்கு தப்பாக வந்தால் அதை மூன்று இடத்தில் திருத்த வேண்டும். இரண்டு இடத்தில் திருத்திவிட்டு மூன்றாவதை மறந்தால், ஒரே சரக்குக்கு இரண்டு விலை!

பெரிய கம்பெனிகள் இந்தச் செலவைத் தாங்கும். ஐந்து பேரை வைத்துத் தொழில் செய்கிறவர் எங்கே போவார்? அதனால்தான், 'ஒரு தடவை எழுது. மூன்று இடத்திலும் ஓட்டு' என்ற ஆசை பிறந்தது.

அந்த ஆசையை நிறைவேற்றி வைப்பதாகச் சொல்லிப் பலர் வந்தார்கள். பேஸ்புக் கம்பெனி 2015-ம் ஆண்டில் 'ரியாக்ட் நேட்டிவ்' என்ற ஏற்பாட்டை வெளியிட்டது. பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டையே செல்போனுக்கும் கொண்டு வந்தது அது. இது ஊரறிந்த பாதை.

ஊர் அதிகம் அறியாத பாதைகளும் உண்டு. கூகிள் கம்பெனியின் டார்ட் மொழியும், அதன் மேல் கட்டிய பிளட்டர் என்ற ஏற்பாடும் ஒரு பாதை. ஜெட்பிரைன்ஸ் கம்பெனியின் கோட்லின் மொழியை ஆண்ட்ராய்டுக்கு வெளியிலும் கொண்டு செல்வது இன்னொரு பாதை.

பத்து நாள் மொழி

ஜாவாஸ்கிரிப்ட் எப்படி ஊரறிந்த மொழி ஆயிற்று? அதைவிடச் சிறந்த மொழி கிடையாது என்பதாலா? இல்லை.

1995-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவில் நெட்ஸ்கேப் என்ற கம்பெனி, தன் பிரவுசருக்கென்று ஒரு சிறு மொழி வேண்டுமென்று விரும்பியது. பிரண்டன் ஐக் என்ற நிபுணர் அந்த வேலையை ஏற்றார். பத்தே நாளில் முதல் உருவத்தை எழுதி முடித்தார்.

அந்த அவசரத்தில் புகுந்த கோணல்கள் சில இன்றும் அப்படியே இருக்கின்றன. ஏன் திருத்தவில்லை? திருத்தினால், உலகத்திலுள்ள பழைய பக்கங்கள் பல ஓடாமல் நின்றுவிடும்!

பின்னால் வந்த பிரவுசர்கள் எல்லாம் அந்த மொழியையே ஏற்றன. போட்டிக்கு வந்த மொழிகள் நிலைக்கவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் ஓட்டலில் கூட்டம் நிற்பதற்குச் சமையல் மட்டுமா காரணம்? இடமும் காரணம்தான்!

எனவே, பிரபலமான மொழி என்பதாலேயே அது உயர்ந்த மொழி என்று எண்ணுவது தவறு. அதே போல, பிரபலம் என்பதை ஒன்றுமில்லை என்று ஒதுக்குவதும் தவறு.

கூட்டத்தின் லாபம்

கூட்டம் எப்படிச் சேர்ந்தாலும் கூட்டம் கூட்டம்தான். அதனால் வரும் லாபம் கொஞ்சநஞ்சமல்ல.

முதலாவது, ஆள் கிடைப்பார்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால் மறு மாதமே இன்னொருவர் வருவார்.

இரண்டாவது, தயார்ச் சரக்கு கிடைக்கும். பணம் வாங்கும் வழி, படம் ஏற்றும் வழி, தேதி கணக்கிடும் வழி எல்லாவற்றையும் யாரோ முன்பே எழுதி வைத்திருப்பார்கள். எடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது, சிக்கல் வந்தால் பதில் கிடைக்கும். இன்று ஒருவர் படும் தொல்லையை நேற்றே நூறு பேர் பட்டுத் தீர்த்திருப்பார்கள்.

இப்போது நான்காவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. புரோகிராம் எழுதித் தரும் செயற்கை அறிவு இயந்திரங்கள் வந்துவிட்டன. அவை முன்பு எழுதப்பட்டவற்றைப் படித்துத்தான் கற்கின்றன. நிறைய எழுதப்பட்டிருக்கும் மொழியில் அவை சரளமாக எழுதும். அரிதான மொழியில் தடுமாறும். ஆகவே, அரிய மொழியை எடுப்பவருக்கு மனித உதவி மட்டுமல்ல, இயந்திர உதவியும் குறைவுதான்.

கூட்டத்தின் ஆபத்து

அப்படியானால் கூட்டத்தோடு போவது நிச்சயமான பாதுகாப்பா? அதுவும் இல்லை.

2016-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு வேடிக்கை நடந்தது. ஜாவாஸ்கிரிப்ட் உலகத்தின் பொதுக் களஞ்சியத்தில் 11 வரி கொண்ட ஒரு குட்டிப் புரோகிராம் இருந்தது. ஒரு சொல்லின் இடது பக்கத்தில் வெற்றிடம் சேர்ப்பதுதான் அதன் வேலை. அதை எழுதியவர் ஒரு தகராறில் கோபித்துக்கொண்டு களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். உடனே உலகமெங்கும் ஆயிரக்கணக்கான புரோகிராம்கள் கட்ட முடியாமல் நின்றன! பிறகு அதைத் திரும்ப வைத்தார்கள், வேலை நடந்தது. ஊருக்கெல்லாம் ஒரே கிணறு என்றால், கிணற்றில் விழுந்தது எல்லார் வீட்டுப் பானையிலும் வரும்.

பிரபலமானது சாகாது என்பதும் பொய். ஒரு காலத்தில் பிரவுசரில் ஆடும் படமும் விளையாட்டும் என்றால் 'பிளாஷ்'தான். அதற்கென்று ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்ற மொழியைக் கற்றுப் பிழைத்தவர்கள் ஏராளம். ஐபோன் அதை உள்ளே விடவில்லை. ஏன் விடவில்லை என்று 2010-ம் ஆண்டில் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2020-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதியோடு பிளாஷுக்கு அளித்த ஆதரவை அடோபி கம்பெனி நிறுத்திவிட்டது.

பெரிய முதலாளி பின்னால் நிற்கிறார் என்பதும் முழுக் காப்பு அல்ல. சி ஷார்ப் மொழியில் எழுதி இரண்டு வகைச் செல்போனிலும் ஓட்டும் 'ஸாமரின்' என்ற ஏற்பாட்டை மைக்ரோசாப்ட் 2016-ம் ஆண்டில் விலைக்கு வாங்கியது. 2024-ம் ஆண்டு மே 1-ந் தேதியோடு அதற்கு ஆதரவு முடிந்தது. வேறு பெயரில் வாரிசு வந்தது உண்மை. ஆனால் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குச் சாமான் தூக்கிய செலவு யாருடையது? குடியிருந்தவர்களுடையதுதான்!

செத்துப் பிழைத்த மொழி

இனி, டார்ட்டின் கதையைப் பார்ப்போருக்கு இன்னும் பல விஷயம் விளங்கும்.

2011-ம் ஆண்டு அக்டோபர் மாதம், டென்மார்க் தேசத்தில் நடந்த ஒரு மாநாட்டில் கூகிள் கம்பெனி டார்ட் மொழியை அறிமுகம் செய்தது. லார்ஸ் பாக், காஸ்பர் லுண்ட் என்ற நிபுணர்கள் அதை உருவாக்கினார்கள். ஜாவாஸ்கிரிப்டுக்குப் பதிலாகப் பிரவுசரில் உட்கார வேண்டும் என்பதுதான் அதன் லட்சியம்.

நடந்தது என்ன? மற்றப் பிரவுசர்க்காரர்கள் யாரும் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2015-ம் ஆண்டு மார்ச் மாதம் கூகிள் கம்பெனியே தன் குரோம் பிரவுசரில் டார்ட் இயந்திரத்தைச் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. பெற்ற தாயே வீட்டில் சேர்க்காத பிள்ளை ஆயிற்று! அன்று டார்ட்டை நம்பியிருந்தவர்களைப் பார்த்து ஊர் சிரித்தது.

பிறகு செல்போன் வழியாக அதற்கு மறுபிறவி கிடைத்தது. டார்ட்டில் எழுதும் பிளட்டரின் முதல் முழுப் பதிப்பு 2018-ம் ஆண்டு டிசம்பர் மாதம் வெளிவந்தது. 2021-ம் ஆண்டு மார்ச் மாதம் பிரவுசருக்கும் அது முறையாக வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கார் கம்பெனி தன் செல்போன் செயலியைப் பிளட்டரில் எழுதியது. கூகிள் பே செயலியும் அதில் எழுதப்பட்டது.

பிளட்டரின் தந்திரம் என்ன? மற்ற ஏற்பாடுகளில் பல, செல்போனில் ஏற்கனவே இருக்கும் பொத்தான்களையும் பெட்டிகளையும் கூப்பிட்டு வேலை வாங்குகின்றன. பிளட்டர் அப்படிச் செய்வதில்லை. வெற்றுத் திரையை மட்டும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியையும் தானே வரைகிறது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஒரே கோலம்!

இதற்கு டார்ட் மொழி பொருத்தமாக வாய்த்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு வரியை மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் செயலியிலேயே கண் மூடித் திறப்பதற்குள் மாற்றம் தெரியும். எழுதி முடித்த பின், அதே புரோகிராம் செல்போனின் சொந்த இயந்திர மொழியாகவே மாறி வேகமாக ஓடும். இரண்டு குணமும் ஒரே மொழியில் அமைவது சாதாரணமல்ல.

மொழியைக் கற்பதும் பெரிய கஷ்டமல்ல. ஜாவாவோ ஜாவாஸ்கிரிப்டோ தெரிந்தவருக்கு டார்ட் தூரத்து உறவு அல்ல, பக்கத்து வீடு. இது முக்கியமான சங்கதி. அரிய மொழிகளிலும், முகம் தெரிந்த மொழி, முகம் தெரியாத மொழி என்று இரண்டு வகை உண்டு. முதல் வகைக்கு ஆளைத் தேட வேண்டாம். இருக்கிற ஆளைப் பழக்கினால் போதும்.

வெண்டைக்காய் எழுத்தும் வெறும் பெட்டியும்

ஆனால், மூன்று வாசல் என்றார்களே, மூன்றாவது வாசலில் என்ன நடக்கிறது? அங்கேதான் உண்மைச் சோதனை.

பிரவுசர் என்பது படிப்பதற்கென்று பிறந்தது. எழுத்தைத் தெரிந்தெடுக்கலாம், தேடலாம், பெரிதாக்கலாம். கூகிள் தேடுபொறி வந்து படித்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். பிளட்டரோ அங்கும் போய், வெற்றுத் திரையை வாங்கித் தானே படம் வரைகிறது. வரைவதற்கான இயந்திரத்தையும் கூடவே இறக்க வேண்டும். அதுவே ஒரு மெகாபைட்டுக்கு மேல் வருகிறது. மெதுவான இணைப்பு உள்ளவர் கடை திறக்கும்வரை வாசலில் நிற்க வேண்டும். தேடுபொறிக்கோ அங்கே படிப்பதற்கு அதிகம் இல்லை.

கட்டுரை, செய்தி போன்ற எழுத்து மிகுந்த பக்கங்களுக்குப் பிளட்டர் உகந்ததல்ல என்று அதன் சொந்தக் குறிப்புகளே ஒப்புக்கொள்கின்றன.

தமிழில் கடை வைப்பவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பிரவுசரில் ஓடும் பிளட்டர், கம்ப்யூட்டரில் இருக்கும் தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்வதில்லை. செயலியோடு தமிழ் எழுத்துரு அனுப்பப்படவில்லை என்றால், கூகிள் கம்பெனியின் தளத்திலிருந்து அது இறங்கி வர வேண்டும். அது வந்து சேரும்வரை 'வெண்டைக்காய்' என்று எழுதிய இடத்தில் வெறும் பெட்டிகள் தெரியும்! எழுத்துருவைச் செயலியோடு சேர்த்தே அனுப்பினால் இந்தக் குறை தீரும். ஆனால் மூட்டை இன்னும் கனக்கும்.

ஐபோனிலும் ஒரு சிக்கல். பிளட்டர் வரைவது ஆப்பிள் பொத்தானைப் போன்ற பொத்தான். ஆப்பிள் பொத்தான் அல்ல. 2025-ம் ஆண்டில் ஆப்பிள் தன் திரைக்கோலம் முழுவதையும் கண்ணாடி போல மாற்றியது. சொந்தப் பொத்தானைப் பயன்படுத்திய செயலிகள் எளிதில் புதுக்கோலம் பெற்றன. நகல் பொத்தான்கள் பழைய சட்டையோடு நின்றன.

பின்னால் நிற்பவர் பற்றிய கவலையும் இல்லாமல் இல்லை. 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் கூகிள் செய்த ஆட்குறைப்பில் டார்ட், பிளட்டர் குழுக்களிலிருந்தும் சிலர் அனுப்பப்பட்டார்கள். புதுப் பதிப்புகள் நிற்கவில்லை. ஆயினும் பலர் வயிற்றில் புளியைக் கரைத்தது அந்தச் செய்தி.

முப்பத்திரண்டு பேர்

அரிய மொழியால் வாழ்ந்தவர்கள் கதையும் கேட்க வேண்டியதே.

சுவீடன் தேசத்தின் எரிக்சன் கம்பெனியில், 1986-ம் ஆண்டு, டெலிபோன் இணைப்பகங்களுக்காகப் பிறந்தது எர்லாங் என்ற மொழி. ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேச்சுகள் நடக்க வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றவை அறுபடக் கூடாது என்பதுதான் அதன் தர்மம். 1998-ம் ஆண்டில், புதிய சரக்குகளில் எர்லாங்கைப் பயன்படுத்த வேண்டாம் என்று எரிக்சனிலேயே தடை போட்டார்கள்! அதே ஆண்டு அது ஊருக்குப் பொதுவாக வெளியிடப்பட்டது.

2009-ம் ஆண்டில் தொடங்கிய வாட்ஸ்அப் கம்பெனி, தன் செய்திகளைச் சுமக்கும் மத்திய கம்ப்யூட்டர்களுக்கு இந்த மொழியைத்தான் எடுத்தது. 2014-ம் ஆண்டு பிப்ரவரியில் பேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அப்போது உபயோகிப்போர் 45 கோடி. புரோகிராம் எழுதும் என்ஜினீயர்கள் 32 பேர்தான்!

இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, அரிய மொழியின் மகிமையை!" என்று சிலர் துள்ளுவதுண்டு. அவசரப்படக் கூடாது. வாட்ஸ்அப் எல்லா இடத்திலும் எர்லாங்கை வைக்கவில்லை. செல்போன் செயலிகளை அந்தந்தச் செல்போனின் வழக்கமான மொழியிலேயே தனித்தனியாக எழுதியது. கோடிக்கணக்கான இணைப்புகளைத் தாங்க வேண்டிய ஓர் இடத்தில் மட்டும் அரிய மொழி. மற்ற இடங்களில் ஊர் மொழி.

இதுதான் பாடம். அரிய மொழி என்பது விலை உயர்ந்த சரக்கு. எந்த இடத்தில் அது பத்து மடங்கு திருப்பித் தருமோ, அந்த இடத்தில் மட்டும் செலவழிக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான கதை, கோப்புகளைச் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் கம்பெனியுடையது. இரண்டு செல்போன் செயலிகளுக்கும் பொதுவான பகுதியை சி++ மொழியில் ஒரே தடவை எழுதலாம் என்று 2013-ம் ஆண்டு வாக்கில் அது முடிவு செய்தது. சி++ பழைய, பிரபலமான மொழிதான். ஆனால் செல்போன் செயலிக்கு அது வழக்கமில்லாத மொழி. வேண்டிய கருவிகளையெல்லாம் அவர்களே செய்துகொள்ள நேர்ந்தது. அதில் தேர்ந்த ஆட்கள் போன பிறகு, புது ஆள் கிடைப்பது அரிதாயிற்று. 2019-ம் ஆண்டில், அந்த வழியைக் கைவிட்டு இரண்டு மொழிக்குத் திரும்புவதாக அந்தக் கம்பெனியே எழுதி வெளியிட்டது. ஒரு தடவை எழுதியதில் மிச்சப்பட்ட பணத்தைவிட, அதைக் கட்டிக் காத்த பணம் அதிகம்!

ஆக, ஒரு மொழி அரிதா இல்லையா என்பதை ஊரைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. வேலையைப் பார்த்தும் சொல்ல வேண்டும்.

வாசல் மட்டும் போதாது

உள்ளே போகும் வாசலை எல்லாரும் பார்க்கிறார்கள். வெளியே வரும் வாசலை யாரும் பார்ப்பதில்லை.

காபிஸ்கிரிப்ட் என்று ஒரு மொழி 2009-ம் ஆண்டில் வந்தது. சில ஆண்டுகள் அதற்கு நல்ல மவுசு. பிறகு மங்கிவிட்டது. ஆனாலும் அதை நம்பியவர்கள் தெருவில் நிற்கவில்லை. ஏனென்றால், அது படிக்கத் தகுந்த ஜாவாஸ்கிரிப்டாகவே மாறி வெளிவரும். அதை வைத்துக்கொண்டு வேறு மொழிக்கு நகர முடிந்தது.

எல்ம் என்ற மொழியின் நிலை வேறு. 2012-ம் ஆண்டில் இவான் சாப்ளிக்கி என்பவர் உருவாக்கிய அழகான மொழி அது. ஓடும்போது தவறி விழாத புரோகிராம் எழுதலாம் என்று பெயர் எடுத்தது. 2018-ம் ஆண்டில் வந்த பதிப்பு, ஜாவாஸ்கிரிப்டை நேரடியாக உள்ளே கலக்கும் வழியை வெளியாருக்கு அடைத்துவிட்டது. அந்த வழியை நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள். 2019-ம் ஆண்டு அக்டோபரில் ஒரு திருத்தப் பதிப்பு வந்தது. அதற்குப் பின் ஐந்து ஆண்டுகள் கழிந்தும் அடுத்தது வரவில்லை. மொழி கெட்டுப் போகவில்லை. எழுதியது ஓடத்தான் செய்கிறது. ஆனால், ஒருவர் மனத்தை நம்பி ஓடும் வண்டியில் ஏறியவர், அவர் நிறுத்திய இடத்தில்தான் இறங்க வேண்டும்.

இன்று அரிதாக இருப்பது நாளைக்கும் அரிதாக இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. கோட்லின் மொழியின் முதல் முழுப் பதிப்பு 2016-ம் ஆண்டு பிப்ரவரியில் வந்தது. அன்று அதை எடுத்தவரைப் பித்தர் என்றார்கள். 2017-ம் ஆண்டு மே மாதம் கூகிள் அதை ஆண்ட்ராய்டின் அங்கீகார மொழி ஆக்கியது. பதினைந்தே மாதத்தில் பித்தர் தீர்க்கதரிசி ஆகிவிட்டார்! ஆனால், அந்த அதிர்ஷ்டத்தைக் கணக்கில் வைத்துக் கடன் வாங்கக் கூடாது.

யார் தேர்ந்தெடுப்பது? யார் சுமப்பது?

இந்த விவகாரத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயம் உண்டு. மொழியைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர். அதன் பாரத்தைச் சுமப்பவர் இன்னொருவர்.

கெட்டிக்காரப் புரோகிராமருக்குப் புது மொழி என்றால் கொள்ளை ஆசை. அதில் தவறில்லை. கற்கும் ஆசை இல்லாதவர் அந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை. ஆனால், இரண்டு வருஷம் கழித்து, கற்றதை ஏட்டில் எழுதிக்கொண்டு அதிகச் சம்பளத்துக்கு அவர் போய்விடுவார். அவர் எழுதியதைப் படிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் தவிப்பவர் கடைக்காரர்.

மறுபுறமும் நியாயம் உண்டு. ஒரு கம்பெனிக்காக யாரும் கேள்விப்படாத மொழியில் ஐந்து வருஷம் உழைத்த இளைஞர், அந்தக் கம்பெனி மூடிவிட்டால் எங்கே போவார்? கற்ற மொழி வேறு எங்கும் விலை போகாது. ஆகவே, முதலாளியும் தன் செலவுக் கணக்கை மட்டும் பார்த்து முடிவு செய்வது தர்மமல்ல.

இரு தரப்பும் உட்கார்ந்து சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் பெரும்பாலும் எந்த வாசலில் வருகிறார்? ஊர் மொழியால் முடியாத எந்த வேலையை இந்த மொழி முடித்துத் தருகிறது? இருக்கிற ஆட்கள் எத்தனை வாரத்தில் கற்பார்கள்? பின்னால் நிற்பவர் கைவிட்டால் வெளியே வர வழி என்ன? முக்கியமான ஆள் நாளைக்கே போய்விட்டால் வண்டி ஓடுமா?

தீர்ப்பு

இந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்தால் தீர்ப்பு அவ்வளவு கஷ்டமில்லை.

கடையின் உயிர் செல்போனில்தான் இருக்கிறது, பிரவுசர் பெயருக்குத்தான் என்றால், டார்ட்டும் பிளட்டரும் தாராளமாக எடுக்கத் தகுந்தவை. சிறு குழுவுக்கு அவை தரும் லாபம் உண்மையான லாபம். அரிதான மொழி என்ற பயத்தில் அதை விட்டுவிடுவது கோழைத்தனம்.

வாடிக்கையாளர் தேடுபொறி வழியாக, படித்துப் பார்த்து வருகிறவர் என்றால், ஜாவாஸ்கிரிப்டும், 2012-ம் ஆண்டில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட அதன் கட்டுப்பாடான தம்பி டைப்ஸ்கிரிப்டும்தான் சரி. அங்கே புதுமை தேடுவது வீண் செலவு.

ஏற்கனவே ஆண்ட்ராய்டு செயலி வைத்திருப்பவருக்கு நடு வழி ஒன்று உண்டு. கணக்கு, விலை, ரசீது போன்ற உள்வேலையை மட்டும் கோட்லினில் பொதுவாக எழுதிக்கொண்டு, திரைகளை அந்தந்தச் செல்போனுக்குத் தனியாக விட்டுவிடலாம். இந்த ஏற்பாடு 2023-ம் ஆண்டு நவம்பரில் முழுத் தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இரண்டு விலைத் தகராறும் தீரும். வெளியே வரும் வாசலும் திறந்திருக்கும்.

பயப்பட வேண்டியது அரிய மொழியைக் கண்டு அல்ல. மூன்று வாசலுக்கும் ஒரே சாவி என்று சொல்லி விற்கிறார்களே, அந்தப் பேச்சைக் கண்டுதான் பயப்பட வேண்டும். இரண்டு வாசலை நன்றாகத் திறக்கும் சாவி உண்டு. மூன்றாவதில் அது கொஞ்சம் சிக்கும். எந்த வாசலில் சிக்கினால் பரவாயில்லை என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். சாவி செய்பவர் அல்ல.

முதல் வரி எழுதுவதற்கு முன், இந்த மொழியை ஏன் எடுக்கிறோம் என்பதை ஒரு தாளில் நாலு வரியில் எழுதி, முதலாளியும் புரோகிராமரும் கையெழுத்துப் போட்டு வைப்பது நல்லது. பின்னால் வருகிறவர் அதைப் படித்துக் காரணம் தெரிந்துகொள்வார். காரணம் மாறிவிட்டால் மொழியையும் மாற்றுவார்.

அந்தத் தாளில் 'எல்லாரும் எடுக்கிறார்கள்' என்ற காரணமும் இருக்கக் கூடாது. 'யாரும் எடுக்கவில்லை' என்ற காரணமும் இருக்கக் கூடாது.